திருவிழாவை விடுமுறைப் பயணிக்குத் தெரிவிப்பது எப்படி? காவிரிக் கரை ஊர்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை, திருவாரூர் வட்டாரங்களில் திருவிழாக் குழுவினர், விடுதி நடத்துவோர், ஊராட்சி உறுப்பினர்கள், கோயில் அலுவலகத்தார் ஆகியோர் திரும்பத் திரும்ப எழுப்பும் ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் பெரும்பாலும் இந்த வட்டாரத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. முன்பே சொன்ன செய்தி மறுபடியும் தேவைப்படும் இடங்களில் அந்தக் கேள்வியைச் சுட்டியிருக்கிறேன்.

1. எங்கள் ஊர்த் திருவிழாவுக்குக் கூட்டம் தானாகவே வருகிறது. வெளியூர்க்காரருக்கென்று தனியாக ஏன் சொல்ல வேண்டும்?

கூட்டம் தானாக வருவது உண்மைதான். அந்தக் கூட்டத்தில் இருப்பவர்கள் யார் என்பதைப் பார்க்க வேண்டும். பிழைப்புக்காகச் சென்னைக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போனவர்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்க்காரர்கள், குலதெய்வக்காரர்கள் ஆகியோருக்குக் காப்புக் கட்டும் நாள் வீட்டிலிருந்து வரும் ஒரு தொலைபேசி அழைப்பிலேயே தெரிந்துவிடும். அவர்களுக்கு விளம்பரம் தேவையில்லை.

விடுமுறைப் பயணியின் நிலை வேறு. கும்பகோணத்தில் இரண்டு இரவு அறை எடுத்து, சூரியனார்கோயில், கஞ்சனூர், திருநாகேஸ்வரம் என்று நவக்கிரகத் தலங்களை வேனில் சுற்றிவிட்டு, தாராசுரத்தையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் பார்த்துத் திரும்புகிறவர் அவர். பங்குனி மாதத்தில் அவர் தங்கியிருக்கும் அறையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், நாச்சியார்கோயிலில் கல் கருடன் புறப்பாடாகும். சன்னதியில் 4 பேர் தூக்கும் அந்தக் கருடனை, வாசலை நெருங்க நெருங்க 8, 16, 32, 64 என்று ஆள் கூட்டிச் சுமப்பார்கள். அவரோ அந்நேரம் அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பார். மறுநாள் காலை உணவகத்தில் யாரோ சொல்லித்தான் அவருக்குச் செய்தி தெரியவரும். ஏற்கெனவே ஊருக்குள் வந்துவிட்ட, நேரமும் ஆர்வமும் உள்ள இந்த மனிதருக்குச் சொல்வதுதான் நம் வேலை.

2. அழைப்பிதழைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறோம். அது போதாதா?

போதாது. அழைப்பிதழ் ஊராருக்காகவும் உபயதாரர்களுக்காகவும் அச்சிடப்படுவது. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. "நிகழும் மங்களகரமான" என்று தொடங்கித் தமிழ் ஆண்டு, மாதம், கிழமை, நட்சத்திரம், யோகம், லக்கினம் எல்லாம் வரிசையாக வரும். பயணிக்கு வேண்டிய ஆங்கிலத் தேதி அடைப்புக்குறிக்குள் பொடி எழுத்தில் இருக்கும். மண்டகப்படிதாரர் பெயர்கள் முழுதாக இருக்கும். எந்தப் பேருந்தில் ஏறி எங்கே இறங்க வேண்டும் என்பது மட்டும் இருக்காது. ஊர்க்காரருக்கு அது தெரியும் என்பதால் யாருக்கும் எழுதத் தோன்றுவதில்லை.

பத்து நாள் திருவிழாவின் அழைப்பிதழில் நாற்பது ஐம்பது நிகழ்ச்சிகள் இருக்கும். அவற்றுள் எது வெளியூர்க்காரர் நின்று பார்க்கத் தக்கது, எது கோயிலுக்குள் சில நிமிடங்களில் முடிந்துவிடும் சடங்கு என்பதை அவரால் பிரித்தறிய முடியாது. தேர் என்று எடுத்துக்கொண்டாலே "தேருக்கு எழுந்தருளல்", "வடம் பிடித்தல்", "நிலைக்கு வருதல்" என்று மூன்று நேரங்கள் வரும். எழுந்தருளும் நேரத்தைப் பார்த்து விடியற்காலை வந்தவர், தேர் நகர்வதைக் காணாமலே வெயில் ஏறியதும் அறைக்குத் திரும்பிவிடுவார். ஆகவே அழைப்பிதழ் அப்படியே இருக்கட்டும். பயணிக்கென்று ஒரே பக்கத்தில் தனியாக ஒரு குறிப்பு எழுத வேண்டும்.

3. அந்த ஒரு பக்கத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

நிகழ்ச்சியின் பெயர், அது என்ன என்பதற்கு இரண்டு வரி விளக்கம், ஆங்கிலத் தேதியும் கிழமையும், தொடங்கும் நேரம், ஏறத்தாழ முடியும் நேரம், எங்கே நின்றால் நன்றாகத் தெரியும், வண்டியை எங்கே நிறுத்துவது, எந்தச் சாலை எத்தனை மணிக்கு அடைக்கப்படும், கடைசிப் பேருந்து எப்போது, கழிப்பறை எங்கே உள்ளது ஆகியவை அவசியம். கழிப்பறையைக் கடைசியில் சொன்னேனே தவிர, குழந்தைகளோடும் வயதானவர்களோடும் வருகிற குடும்பம் முதலில் கேட்பது அதைத்தான். அன்னதானத்தில் வெளியூர்க்காரரும் அமரலாமா என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். பலர் கூச்சப்பட்டுக்கொண்டு பந்தல் வாசலில் நின்றுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இரவு நேரத்தைக் குறிப்பதில் மிகுந்த கவனம் வேண்டும். "ஞாயிறு இரவு 2 மணிக்கு" என்று நாம் எழுதினால் ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்த பிறகு வரும் இரவைச் சொல்கிறோம். கடிகாரப்படி அது திங்கட்கிழமை. கைப்பேசியில் நினைவூட்டல் வைக்கும் பயணியோ ஞாயிறு 2 மணி என்று பதிந்து, சனிக்கிழமை நள்ளிரவுக்குப் பின் வந்து வெறிச்சோடிய தெருவைப் பார்ப்பார். "ஞாயிறு இரவு விடிந்தால் திங்கள், அதாவது திங்கள் அதிகாலை 2 மணி" என்று இரண்டு விதமாகவும் எழுதுவது நல்லது. திருப்புறம்பியத்தில் விநாயகர் சதுர்த்தி இரவு தொடங்கி விடிய விடிய நடக்கும் தேனபிஷேகம் போன்ற நிகழ்ச்சிகளுக்கு இரண்டு தேதிகளையும் சேர்த்தே குறிப்பிட வேண்டும்.

4. எத்தனை நாளுக்கு முன்னால் சொல்ல வேண்டும்? பத்து நாள் முன்னால் சுவரொட்டி ஒட்டுவதுதான் எங்கள் வழக்கம்.

ஊராருக்குப் பத்து நாள் போதும். வெளியூரிலிருந்து திட்டமிட்டு வருகிறவருக்கு ரயில் முன்பதிவுதான் கணக்கு. 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. விடுமுறைக் காலங்களில் சென்னையிலிருந்து கும்பகோணம் வழியாக வரும் வண்டிகளில் பதிவு தொடங்கியவுடன் இடம் நிரம்பிவிடும். எனவே தேதியாவது 70, 75 நாளுக்கு முன்னால் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் முழு நிகழ்ச்சி நிரல் தேவையில்லை. "இந்த நாளில் தேர், இந்த இரவில் தெப்பம்" என்ற அளவு போதும்.

இரண்டாவது அறிவிப்பு, நேரங்கள் உறுதியான பிறகு, பத்து நாளுக்கு முன். மூன்றாவது அறிவிப்பு முந்தைய நாள் மாலையில், ஏற்கெனவே ஊரில் தங்கியிருப்பவர்களுக்காக மட்டும். என் கணிப்பில் இந்த மூன்றாவதுதான் மிகக் குறைந்த செலவில் அதிகம் பலன் தருவது. ஆனால் பெரும்பாலான குழுக்கள் அந்த நேரத்தில் பந்தல் வேலையில் மூழ்கியிருப்பதால் இதை விட்டுவிடுகிறார்கள். அந்தப் பொறுப்பைப் பந்தல் வேலையில் இல்லாத ஒருவரிடம் முன்பே ஒப்படைத்துவிட வேண்டும்.

5. திருவிழாத் தேதி ஒவ்வோர் ஆண்டும் மாறுகிறதே. இரண்டரை மாதம் முன்னால் எப்படி உறுதியாகச் சொல்வது?

எந்தக் கணக்கில் மாறுகிறது என்பதைப் பிரித்துக்கொண்டால் குழப்பம் பெருமளவு தீரும். சில விழாக்கள் ஆங்கிலத் தேதியிலேயே நிலைத்தவை: வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 பெருவிழா. சில, தமிழ் மாதத் தேதியைப் பிடித்து நிற்பவை: ஆடி 18 ஆகஸ்ட் 2 அல்லது 3இல் விழும், மயிலாடுதுறையில் ஐப்பசி கடைசி நாள் கடைமுகத் தீர்த்தவாரியும், கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கும் நவம்பர் நடுவில் வந்துவிடும். இவற்றை ஓர் ஆண்டுக்கு முன்பே சொல்லலாம். வலங்கைமான் பாடைக் காவடி பங்குனி இரண்டாம் ஞாயிறு என்று கிழமையைப் பிடித்து வருவது. அதையும் நாட்காட்டியைப் புரட்டியே சொல்லிவிடலாம்.

நட்சத்திரத்தையும் திதியையும் பிடித்து வருபவைதான் தாவும். பங்குனி ஆயில்யத்தை ஒட்டி ஓடும் திருவாரூர் ஆழித்தேர் 2024இல் மார்ச் 21 அன்றும் 2025இல் ஏப்ரல் 7 அன்றும் ஓடியது. திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமியன்று நடப்பதால் அதுவும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் சில ஆண்டுகளில் வேறுபடும் என்பதால், கைக்குக் கிடைத்த நாட்காட்டியைப் பார்த்து நீங்களாகவே முடிவு செய்யாமல், அந்தக் கோயில் எந்தப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறது என்று குருக்களிடமோ பட்டாச்சாரியாரிடமோ கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாகூர் கந்தூரி பிறையைக் கொண்டு முடிவாவது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னால் நகரும். அத்தகைய விழாவுக்குத் தேதியோடு "பிறை தென்படுவதைப் பொறுத்து ஒரு நாள் மாறலாம்" என்ற வரியையும் சேர்த்து அறிவிப்பதே முறை.

6. பெரிய ஃபிளெக்ஸ் வைத்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடாதா?

ஃபிளெக்ஸில் தெரிவது பெரும்பாலும் வைத்தவரின் முகம். விழாப் பெயருக்கு ஒரு மூலை, தேதிக்கு அதைவிடச் சிறிய மூலை என்று முடிந்துவிடும். ஓடும் வேனிலிருந்து பார்ப்பவருக்கு "யாரோ வரவேற்கிறார்கள்" என்பதற்கு மேல் ஒன்றும் பதியாது. அதோடு, அனுமதியின்றிச் சாலையோரத்தில் பேனர் வைப்பது சட்டப்படி குற்றம். 2019இல் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து இளம்பெண் ஒருவர் உயிரிழந்த பிறகு உயர் நீதிமன்றம் இதைக் கடுமையாகப் பார்க்கிறது.

அந்தச் செலவில் பாதியை எடுத்து, 3ஆம் கேள்வியில் சொன்ன ஒரு பக்கக் குறிப்பை அச்சடித்து, விடுதிகளின் வரவேற்பு மேசை, அறைச் சாவியோடு தரும் உறை, காலைச் சிற்றுண்டி தரும் உணவகங்களின் கல்லா, நவக்கிரகச் சுற்றுலா வேன்கள் கிளம்பும் இடம், அரசுப் போக்குவரத்துக் கழகம் 2024 முதல் இயக்கும் நவக்கிரகச் சிறப்புப் பேருந்து புறப்படும் நிலையம் ஆகிய இடங்களில் வையுங்கள். விடுமுறைப் பயணி நின்று நிதானமாகப் படிப்பது இந்த இடங்களில்தான்.

7. வேன், ஆட்டோ ஓட்டுநர்கள் சொன்னால் பயணிகள் கேட்கிறார்கள். ஆனால் அவர்கள் கமிஷன் எதிர்பார்க்கிறார்களே?

சிலர் எதிர்பார்ப்பார்கள், கோயில் விழாவுக்குக் கமிஷன் கொடுக்கும் வழக்கத்தைத் தொடங்காதீர்கள். ஓட்டுநருக்கு உண்மையில் வேண்டியது வண்டி நிறுத்த ஓர் இடம், காத்திருக்கும் நேரத்தில் ஒரு வாய்ச் சோறு, எந்தச் சாலை அடைபடும் என்ற முன்தகவல். இந்த மூன்றையும் உறுதி செய்தால் அவரே பயணியிடம் "சார், இன்னைக்கு இங்கே தேர், பார்த்துட்டுப் போகலாம்" என்று சொல்வார். சாலை அடைப்பு தெரியாமல் மாட்டிக்கொண்ட ஓட்டுநர் அடுத்த ஆண்டு அந்த ஊர்ப் பக்கமே வண்டியைத் திருப்ப மாட்டார்.

8. கூகுளில் எங்கள் ஊர்த் திருவிழா வருவதே இல்லை. என்ன செய்வது?

முதற்காரணம் 2ஆம் பதிலில் சொன்னதுதான்: தகவல் முழுவதும் படத்துக்குள் இருக்கிறது. விழாப் பெயர், ஊர்ப் பெயர், தேதி ஆகியவற்றை எழுத்தாகத் தட்டச்சு செய்து வெளியிட வேண்டும். கூகுள் மேப்ஸில் கோயிலின் குறி சரியான வாசலில் விழுகிறதா என்று பாருங்கள். பல கிராமக் கோயில்களின் குறி பின்புற வயலிலோ அடுத்த தெருவிலோ நிற்கிறது. அதைத் திருத்தும் பரிந்துரையை யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். தேர் வரும் வீதியும் தீர்த்தவாரி நடக்கும் படித்துறையும் கோயிலிலிருந்து தள்ளியிருந்தால், அவற்றுக்கும் தனியாக இருப்பிட இணைப்பு கொடுங்கள். கும்பகோணத்தில் "காவிரிக் கரைக்கு வாருங்கள்" என்று மட்டும் சொன்னால், பகவத் படித்துறைக்குப் போக வேண்டியவர் சக்கரப் படித்துறையில் போய் நிற்பார்.

ஆங்கிலத்தில் ஊர்ப் பெயரை ரயில் நிலையப் பலகையில் உள்ளபடி எழுதுங்கள். திருவிடைமருதூர் போன்ற பெயர்களை ஆளுக்கொரு விதமாக எழுதுவதால் தேடலில் சிதறிவிடுகின்றன. பழைய ஆண்டின் பதிவை நீக்க வேண்டியதில்லை. அதன் தலைப்பிலேயே ஆண்டைச் சேர்த்துவிடுங்கள். ஆண்டு இல்லாத "வரும் வெள்ளிக்கிழமை தேரோட்டம்" என்ற பதிவு, பல ஆண்டுகளுக்குப் பிறகும் யாரோ ஒருவரை வெறும் வீதிக்கு அழைத்து வந்துகொண்டே இருக்கும்.

9. தமிழில் மட்டும் எழுதினால் போதுமா?

நவக்கிரகத் தலங்களுக்கு ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம் ஆகிய இடங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். தமிழோடு ஆங்கிலம் கட்டாயம். முடிந்தால் தெலுங்கும் சேருங்கள். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே அச்சுக்கு அனுப்பாமல், அந்த மொழி பேசும் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

10. படத்துக்கு எதைப் போடுவது? இப்போது ஏஐ மூலம் அழகழகாகப் படம் செய்து தருகிறார்களே?

உங்கள் ஊரில் எடுத்த படத்தைப் போடுங்கள். ஏஐ படத்தில் ஐந்து நிலைக் கோபுரம் ஒன்பது நிலையாகிவிடும்; தேரில் இல்லாத சிலைகள் முளைக்கும்; நாகஸ்வரக்காரர் கையில் ஏதோ ஒரு வடநாட்டுக் குழல் இருக்கும். அதைப் பார்த்து வந்தவருக்கு நேரில் காண்பது எவ்வளவு அழகாக இருந்தாலும் ஏமாற்றமாகவே தோன்றும். ஊர்க்காரருக்கோ அது சுவாமியையே மாற்றி வரைந்ததற்கு ஒப்பாகும்.

கருவறைக்குள் எடுத்த படங்களைத் தவிருங்கள். கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடை செய்யுமாறு 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. விளம்பரத்திலேயே உள்பிராகாரப் படத்தைப் போட்டுவிட்டு வாசலில் கைப்பேசியைப் பிடுங்குவது முரண். வீதியுலா, தேர், தெப்பம் ஆகியவற்றின் படங்கள் போதும். ட்ரோன் காட்சிக்கு ஆசைப்பட்டால் முன்னதாக அனுமதி பெறுங்கள். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருப்பதால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் கட்டுப்பாடு அதிகம்.

11. நாங்கள் விடுதி நடத்துகிறோம். கோயில் திருவிழாவை நாங்களே அறிவிக்கலாமா, யாரிடமாவது கேட்க வேண்டுமா?

பொதுவில் வெளியான தேதியையும் நேரத்தையும் உங்கள் விருந்தினருக்குச் சொல்வதற்கு அனுமதி தேவையில்லை. கோயிலின் பெயரிலோ முத்திரையிலோ அறிவிப்பு வெளியிடுவதும், "சிறப்புத் தரிசனம் ஏற்பாடு செய்து தரப்படும்" என்று வாக்களிப்பதும், கோயில் பெயரால் நன்கொடை திரட்டுவதும் கூடவே கூடாது. க்யூஆர் குறியோடு வரும் நன்கொடை அறிவிப்பு எதையும் கோயில் அலுவலகத்தில் கேட்காமல் பகிராதீர்கள்.

தகவலை யாரிடம் உறுதி செய்வது என்பதில் இந்த வட்டாரத்தில் ஒரு சிக்கல் உண்டு. எல்லாக் கோயில்களும் ஒரே நிர்வாகத்தில் இல்லை. பல கோயில்களுக்கு அறநிலையத் துறையின் செயல் அலுவலர் இருப்பார். திருவிடைமருதூர் மகாலிங்க சுவாமி கோயில் திருவாவடுதுறை ஆதீனத்தையும், வைத்தீஸ்வரன்கோயில் தருமபுரம் ஆதீனத்தையும் சேர்ந்தவை. தஞ்சைப் பெரிய கோயிலும் புன்னைநல்லூர் மாரியம்மன் கோயிலும் அரண்மனை தேவஸ்தானத்தைச் சேர்ந்தவை. பெரிய கோயிலில் இந்தியத் தொல்லியல் துறையின் விதிகளும் உண்டு. சிதம்பரம் நடராசர் கோயில் பொது தீட்சிதர்களின் நிர்வாகத்தில் இருக்கிறது. கிராமத்து அம்மன் கோயில் என்றால் பூசாரியும் ஊர்ப் பெரியவர்களும்தான். அந்தந்த இடத்தில் சொல்லத் தகுந்தவரிடம் கேட்டுச் சொன்னால் பின்னால் பேச்சு வராது.

12. பணம் கொடுக்கும் உபயதாரர் தன் படம் பெரிதாக வர வேண்டும் என்கிறார். மறுத்தால் பணம் வராது. என்ன வழி?

அவருக்கு அழைப்பிதழிலும் மேடையிலும் உரிய இடம் கொடுங்கள். ஊர் முன்னால் கிடைக்கும் மதிப்புதான் அவர் கேட்பது. பயணிக்கான ஒரு பக்கக் குறிப்பு அவருடைய ஊர்க்காரர்கள் கண்ணில் படப்போவதில்லை என்பதை எடுத்துச் சொன்னால், பெரும்பாலோர் கீழே ஒரு வரியில் பெயர் வருவதற்கு ஒப்புக்கொள்கிறார்கள். விடுதி உரிமையாளர்களும் வர்த்தகர் சங்கமும் செலவைப் பகிர்ந்துகொள்வது இன்னும் நல்லது, ஏனென்றால் பயணி கூடுதலாக ஓர் இரவு தங்கினால் நேரடியாகப் பயன் பெறுகிறவர்கள் அவர்கள்தான்.

13. பாடைக் காவடி, தீமிதி, அலகு குத்துதல் போன்றவற்றையும் "பார்க்க வாருங்கள்" என்று சொல்லலாமா?

இது நிதானமாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. வலங்கைமானில் பாடைக் காவடி எடுப்பவர், உயிர் பிழைக்காது என்று எண்ணிய நோயிலிருந்து மீண்டவராகவோ அவருக்காக வேண்டிக்கொண்டவராகவோ இருப்பார். இறந்தவரைப் போலப் பாடையில் கிடத்தி உறவினர் சுமந்து வருகையில், கூடவே வருகிற தாயும் மனைவியும் மெய்யாகவே கலங்கிப் போயிருப்பார்கள். அந்த முகங்களுக்கு ஒரு முழ தூரத்தில் கைப்பேசியை நீட்டுகிறவரை ஊர் பொறுத்துக்கொள்ளாது, பொறுக்கவும் தேவையில்லை.

அதற்காக மறைக்க வேண்டும் என்பதில்லை. தகவல் எப்படியும் வெளியே போய்விடும், தவறான வார்த்தைகளில் போகும். ஆகவே நீங்களே சொல்லுங்கள், ஆனால் வேண்டுதல் என்று சொல்லுங்கள். "வினோதத் திருவிழா", "திகிலூட்டும் காட்சி" போன்ற சொற்களை அடியோடு விலக்குங்கள். எங்கே நின்று பார்க்கலாம், முகத்தைப் படம் எடுக்கலாகாது, செருப்புடன் எந்த எல்லையைத் தாண்டக் கூடாது என்பவற்றைக் குறிப்பிலேயே எழுதுங்கள். காப்புக் கட்டியவர்களின் குடும்பங்கள் வேண்டாம் என்று சொன்னால் அந்த நிகழ்ச்சியைப் பயணிக் குறிப்பிலிருந்து எடுத்துவிடுவதே சரி. விழாவில் காட்டுவதற்கு வேறு எத்தனையோ உண்டு.

14. ஆற்றில் தண்ணீர் இல்லாத ஆண்டுகளில் ஆடிப்பெருக்குக்கு அழைத்தால் வந்தவர்கள் திட்டுகிறார்களே?

மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது மரபு என்றாலும், நீர் இருப்பைப் பொறுத்து அது தள்ளிப்போன ஆண்டுகள் பல. திறந்த நீர் கடைமடை வந்து சேரவும் நாள் பிடிக்கும். எனவே முதல் அறிவிப்பில் ஆற்று நீரை வாக்களிக்காதீர்கள். படித்துறையில் காதோலை கருகமணி வைத்துப் படைப்பதும், தாலிக் கயிறு மாற்றிக்கொள்வதும், சித்ரான்னம் கட்டி எடுத்து வந்து குடும்பமாக உண்பதும் நீர் குறைந்தாலும் நடப்பவை, அவற்றை முன்னிறுத்துங்கள். நீர் நிலவரத்தை இரண்டாவது அறிவிப்பில், அதாவது பத்து நாளுக்கு முன், உள்ளது உள்ளபடி எழுதுங்கள். வெள்ளம் கரை தொட்டு ஓடும் ஆண்டில் இறங்கிக் குளிக்கத் தடை இருக்கும். அதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை விழாக்களுக்கு இதன் மறுபக்கம் பொருந்தும்: வடகிழக்குப் பருவமழை. நேரம் மாறினால் யார் அறிவிப்பார், எந்த எண்ணில் கேட்கலாம் என்பது குறிப்பில் இருக்க வேண்டும். அந்த எண்ணை விழா நாளில் எடுப்பதற்கு ஆள் இருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தம்தான்.

15. கூட்டத்தில் வெளியூர்க்காரருக்கு ஏதாவது ஆகிவிட்டால் எங்கள் மேல் பழி வராதா?

வரும், வர வேண்டியதும்தான். 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் தேர் உயர்மின்னழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தனர். மின்வாரியம், காவல், தீயணைப்பு, வருவாய்த் துறைகளிடம் தகவல் கொடுத்து ஒப்புதல் பெறாத நிகழ்ச்சிக்குப் பயணிகளை அழைப்பதே தவறு. ஒப்புதல் கைக்கு வந்த பிறகே இரண்டாவது அறிவிப்பை வெளியிடுங்கள்.

ஊரில் பிறந்தவனுக்குத் தேர் திரும்பும் முனையில் நிற்கக் கூடாது, முட்டுக்கட்டை போடுகிறவரின் பாதையில் குறுக்கே போகக் கூடாது, வடத்துக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கக் கூடாது என்பதெல்லாம் சிறு வயதிலேயே படிந்துவிடும். வெளியூர்க்காரருக்கு அது தெரியாது. அவர் நல்ல படம் கிடைக்கும் என்று சரியாக அந்த முனையில்தான் போய் நிற்பார். "எங்கே நிற்கலாம்" என்று 3ஆம் பதிலில் சொன்னதோடு, "எங்கே நிற்கக் கூடாது" என்பதையும் ஒரு சிறு வரைபடத்தில் காட்டுங்கள்.

16. எங்கள் ஊர் நிகழ்ச்சி விடிய விடிய நடப்பது. பயணிகளுக்காக மாலை நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாமா?

வேண்டாம் என்பதே என் துணிபு. மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்களே பெண் வேடமும் ஏற்று, தெலுங்கில் அமைந்த நாட்டிய நாடகங்களை இரவு முழுவதும் நடத்துகிறார்கள். பிரகலாத சரித்திரத்தில் நரசிம்மர் வெளிப்படும் கட்டம் விடியலை நெருங்கி வருகையில் பார்ப்பவருக்கு உண்டாகும் நிலையை மாலை ஏழு மணிக்கு உண்டாக்க முடியாது. இரவைச் சுருக்கினால் பயணி எதற்காக வந்தாரோ அதுவே போய்விடும்.

மாற்ற வேண்டியது பயணியின் ஆயத்தத்தை. கதைச் சுருக்கத்தை ஒரு பக்கத்தில் கொடுங்கள். எந்தக் கட்டம் ஏறத்தாழ எத்தனை மணிக்கு வரும் என்று எழுதுங்கள். பகலில் தூங்கிவிட்டு வரச் சொல்லுங்கள். விடுதிகளிடம் பேசி மறுநாள் அறையைக் காலி செய்யும் நேரத்தைத் தளர்த்தச் சொல்லுங்கள். ஒலிபெருக்கி விஷயத்தில் மட்டும் கவனம் தேவை: 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தடை உண்டு, மாநில அரசு குறிப்பிட்ட சில நாட்களுக்கு நள்ளிரவு வரை தளர்த்தலாம். காவல் நிலையத்தில் முன்னதாகவே பேசி, அரங்கை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள்.

17. இவ்வளவும் செய்தோம். பயன் இருந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முகநூலில் விழுந்த விருப்பக் குறிகளைப் பார்க்காதீர்கள். அவை பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும் உங்கள் ஊர்க்காரர்களுடையவை. விடுதிகளில் கேளுங்கள்: திருவிழாவுக்காக எத்தனை பேர் ஓர் இரவு கூடுதலாகத் தங்கினார்கள், எத்தனை பேர் நேரம் தவறி ஏமாந்தார்கள். தகவல் பந்தலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, வருகிறவர் கேட்கும் கேள்வியை அப்படியே எழுதச் செய்யுங்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விக்குரிய பதில் உங்கள் குறிப்பில் இல்லை என்று பொருள். அடுத்த ஆண்டு அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

18. 2028இல் மகாமகம் வருகிறது. அதற்கு இப்போதே பெரிதாக விளம்பரம் தொடங்கலாமா?

இதுவரை சொன்னவற்றை மகாமகத்துக்குத் தலைகீழாகப் பொருத்த வேண்டும். 1992, 2004, 2016 என்று 12 ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்த நாளுக்கு ஆள் சேர்க்க யாரும் பாடுபட வேண்டியதில்லை. 1992இல் நெரிசலில் பலர் உயிரிழந்ததையும் மறந்துவிட முடியாது. விடுமுறைப் பயணிக்கு நாம் சொல்ல வேண்டியது, அந்த ஒரு நாளின் ஒரு முகூர்த்தத்தில் எல்லாரும் குளத்துக்குள் வர வேண்டியதில்லை என்பதைத்தான். 2016இல் பிப்ரவரி 13 முதல் 22 வரை பத்து நாட்களும் மக்கள் நீராடினார்கள். சடங்கில் பிடிப்புள்ளவர் கடைசி நாளைத் தேடி வருவார். ஊரைப் பார்க்க வருகிறவரை முதல் சில நாட்களுக்கு அழையுங்கள். மாசி மகம் ஆண்டுதோறும் வருவது. கூட்டத்துக்கு அஞ்சுகிறவர் அதற்கு முந்தைய ஆண்டு மகத்துக்கே வந்து குளத்தையும் அதைச் சுற்றியுள்ள மண்டபங்களையும் நிதானமாகப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றும் எழுதுங்கள்.

சுற்றுவட்டாரக் கிராமக் குழுக்கள் மகாமகத்தன்று தங்கள் நிகழ்ச்சிக்கு விளம்பரம் செய்ய வேண்டாம். சாலைகள் காவல்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கும், வந்தவர் திரும்பிப் போக முடியாமல் தவிப்பார். விடுதி நடத்துவோர் அந்த நாட்களுக்கான வாடகையை முன்பதிவு தொடங்கும்போதே எழுத்தில் அறிவித்துவிட்டு, கடைசி நேரத்தில் ஏற்றாமல் இருந்தால் போதும்.